அரைப்புள்ளி

போன வருடம் தை மாதத்தில், காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். "மேம், எங்க பெரிய வீட்ட விக்கப் போறாக. எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. எங்க அயித்தை மட்டும் மாட்டேங்குறாக. 'எங்காத்தா நோட்டைப் படிக்கத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வா, அப்புறம் பேசலாம்'னு சொல்லிட்டாக. அதுல எல்லாம் தமிழ் எண்ணா இருக்கு. நீங்க ஒருதரம் வரணும்."

தமிழ் எண்களையும் பின்னங்களையும் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்ட காலம் இது. மா, காணி, அரைக்கால், மாகாணி என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். முனைவர் பட்டத்துக்காகப் படித்த அந்தப் பாடம் ஒரு பெண்ணின் சொத்து விவகாரத்தில் உதவும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன்.

அந்த வீட்டுக்குள் முன்வாசல் வழியாக நுழையும்போது எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. என் அம்மாச்சி சிறு வயதில் இந்தப் பக்கத்தில்தான் நெல் குத்தப் போவாள். எந்த ஊர், எந்த வீடு என்று சொன்னதில்லை. அவளுக்கு எல்லாமே 'செட்டியார் வீடு'தான். செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு தெருவில். அம்மாச்சி பின்தெரு வழியாகப் போய் மூன்றாம் கட்டில் குத்திவிட்டு, பின்தெரு வழியாகவே திரும்பியவள். "முன்னால என்ன இருந்துச்சு அம்மாச்சி?" என்று கேட்டிருக்கிறேன். "எனக்கென்ன தெரியும்? வெளிச்சம் வரும். அம்புட்டுத்தான்" என்பாள்.

முன்னால் என்ன இருந்தது என்பதை இப்போது எல்லோரும் புகைப்படத்தில் பார்க்கலாம். பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியத்துக் கண்ணாடி விளக்குகள், ஆத்தங்குடித் தரை, முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர். கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. இதையெல்லாம் சொல்லும் பயண நூல்கள், வீட்டைக் கட்டியவரின் பெயரையும் அவர் எந்த நாட்டில் தொழில் செய்தார் என்பதையும் தவறாமல் சொல்கின்றன. அந்த வீட்டில் ஆண்டில் முந்நூறு நாளும் குடியிருந்தது யார் என்பதைச் சொல்வதில்லை.

குடியிருந்தவர்கள் பெண்கள். ஆண்கள் 'கொண்டுவிக்க'ப் போயிருந்தார்கள்.

'கொண்டுவிற்கப் போதல்' என்பது நகரத்தார் வழக்கில் தொழிலுக்காகக் கடல் கடந்து போவது. ஒரு காலத்தில் உப்பும் அரிசியும் கொண்டுபோய் விற்ற வணிகர்களின் சொல், பிறகு பணத்தையே கொண்டுபோய் வட்டிக்கு விட்டபோதும் அப்படியே நிலைத்துவிட்டது. இலங்கை, மலாயா, சைகோன் என்று பல இடங்களுக்குப் போனாலும் பர்மாதான் பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐராவதி ஆற்றுக் கழிமுகம் நெல் வயலானபோது, காடு வெட்டவும் மாடு வாங்கவும் விதை வாங்கவும் அங்கிருந்த விவசாயிக்குக் கடன் தேவைப்பட்டது. வெள்ளைக்காரனின் வங்கிகள் அவனிடம் நேராகப் போகவில்லை. நகரத்தார் போனார்கள். 1929–30-இல் அமைக்கப்பட்ட பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவர்கள் கையாண்ட தொகை சுமார் 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. வட்டி விகிதத்தைத் தீர்மானிக்க இரங்கூன் மொகல் தெருவிலிருந்த கோயிலில் மாதந்தோறும் கூடினார்கள். அன்று முடிவாகும் விகிதத்துக்கு 'நடப்பு வட்டி' என்று பெயர். கடல் கடந்த கிளைகளின் கணக்கெல்லாம் அதை ஒட்டி ஓடியது.

இந்தத் தொழிலுக்கு ஒரு படிநிலை இருந்தது. பெட்டியடிப் பையனாகப் போகிறவன் அடுத்தாளாகி, மேலாளாவான். ஒரு தவணைக்கு மூன்று வருடம். மனைவியைக் கூட்டிப்போவது வழக்கமில்லை. மூன்று வருடம் அங்கே, சில மாதம் இங்கே, மறுபடி மூன்று வருடம். இருபது வயதில் தொடங்கி ஐம்பது வயதில் முடித்த ஒருவர், கல்யாணமாகி முப்பது வருடத்தில் மனைவியோடு ஐந்தாறு வருடம் சேர்ந்து இருந்தால் அதிகம். அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அதைப் பற்றி இங்கே வீடுகளில் தணிந்த குரலில் பேசுவார்கள். அந்தப் பர்மியப் பெண்களும் அவர்களின் பிள்ளைகளும் எந்தப் பேரேட்டிலும் இல்லை.

கடைகளுக்கு 'விலாசம்' உண்டு. பாட்டனார், தகப்பனார், மகன் என்று முதலெழுத்துகளைக் கோத்த பெயர் அது. 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய சிதம்பரம் செட்டியாரின் பெயருக்கு முன்னால் இருக்கும் 'எம்.சிடி.எம்.' அப்படி வந்ததுதான். அந்த வங்கி முதல் நாளிலேயே சென்னை, காரைக்குடி, இரங்கூன் என்று மூன்று இடங்களில் கதவைத் திறந்தது. சிற்றூர் ஒன்றின் வரவு செலவு எவ்வளவு தூரம் நீண்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். விலாசங்களை எத்தனை தலைமுறை பின்னோக்கிப் பிரித்துப் பார்த்தாலும் ஒரு பெண்ணின் முதலெழுத்தைப் பார்க்க முடியாது.

ஆச்சி வளவில் உட்கார்ந்திருந்தார். வளவு என்பது நடுவில் வானம் தெரிய, நாலு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரமும் அறைகளும் கொண்ட கட்டு. தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அந்த அறையில் அவன் மனைவியின் சீர்ச் சாமான் பூட்டிக் கிடக்கும். இந்த வீட்டில் பதினாறு அறைகள். பதினான்கில் பூட்டு தொங்கியது.

"உக்காருங்க டீச்சர். காப்பித் தண்ணி குடிங்க. அப்புறம் பாக்கலாம்" என்றார். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. 1962-இல் கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போனவர். கணவர் இறந்த பிறகு பிறந்த ஊரில் வாடகை வீடு ஒன்றில் இருக்கிறார். பிறந்த வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அதன் சாவி இவரிடம் இல்லை. அன்றைக்குத் தம்பி மகனிடம் கேட்டு வாங்கித் திறந்திருந்தார்கள்.

நோட்டு, நீளவாக்கில் தைத்த பழைய கணக்கு நோட்டு. அட்டை போய்விட்டது. ஆச்சியின் அம்மா எழுதியது. பதினான்கு வயதில் கல்யாணமாகி 1934-இல் இந்த வீட்டுக்கு வந்தவர். படிக்க வைக்கப்படவில்லை. தன் அப்பச்சி கணக்கு எழுதும்போது பக்கத்தில் இருந்து பார்த்தே எழுதக் கற்றுக்கொண்டாராம்.

நகரத்தார் கல்யாணத்தைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது அதன் ஆடம்பரம். சாமான் பரப்புவது, எத்தனை வெள்ளி, எத்தனை வைரம் என்ற பேச்சு. அதற்குள்ளே வேறு இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று 'வேறு வைப்பது'. கல்யாணமாகிச் சில காலத்தில், அதே வீட்டுக்குள்ளேயே புதுத் தம்பதியைத் தனி அடுப்பு வைத்துப் பிரித்துவிடுவார்கள். வருடத்துக்கு இத்தனை நெல், இவ்வளவு பணம் என்று மாமனார் வீடு கொடுக்கும். அதற்குள் குடித்தனம் நடத்த வேண்டும். கூரை ஒன்று, அடுப்பு பல. மகன் கடல் கடந்து போய்விட்டால் அந்தக் குடித்தனத்தின் வரவும் செலவும் அந்தப் பெண்ணின் பொறுப்புதான். பதினாறு, பதினேழு வயதுப் பெண் வருடக் கணக்கு முடித்துக் காட்டுவாள்.

இரண்டாவது 'ஆச்சிமால் பணம்'. பெண்ணுக்குப் பிறந்த வீடு கொடுக்கும் பணம். அது கணவன் தொழிலில் கரைந்துபோகாமல், அவள் பெயரில் ஏதாவதொரு கடையில் வட்டிக்குப் போடப்படும். வட்டி முதலோடு சேர்ந்து வளரும். அவள் மகளுக்குக் கல்யாணம் வரும்போது அதுவே மகளின் சீராகும். கடைக்காரருக்கு இது நம்பகமான வைப்பு, அவசரத்துக்குத் திருப்பிக் கேட்காத பணம். செட்டியார் வங்கித் தொழிலின் முதல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பொருளாதார வரலாற்று நூல்கள் சொல்லும் பதில்களில் இந்தப் பெண்களின் பணமும் உண்டு. விலாசத்தில் பெயரில்லாதவர்கள் முதலில் இருந்தார்கள்.

இதைச் சொல்லும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இது பெண்ணுரிமை என்று கொண்டாடுவதற்கில்லை. சீர் என்பது அன்றைக்கும் பெண்ணைப் பெற்றவர்களின் தலையில் ஏறிய சுமைதான். வீட்டில் பங்கில்லை, தொழிலில் பங்கில்லை என்பதற்கு ஈடாகக் கொடுக்கப்பட்டதுதான் அது. ஆனால் கையில் வந்த அந்தக் கொஞ்சத்தை ஒரு பெண் எப்படிப் பயன்படுத்தினாள் என்பது வேறு கேள்வி. நோட்டில் அதற்கு விடை இருந்தது.

முதல் பக்கத்தில் 2,000 ரூபாய். இரங்கூன் கடை ஒன்றில் போட்டது. வட்டி சேர்ந்து சேர்ந்து 1938-இல் 2,430 சொச்சம் ஆகியிருக்கிறது. பிறகு வெகுதானிய வருடம் புரட்டாசி மாதத்தில் ஒரு வரி: இரங்கூன் பற்றுத் தீர்த்து மதுரைக் கடைக்கு மாற்றியது. நான் அதை வாசித்துவிட்டு, "ஏன் மாத்தினாக?" என்று கேட்டேன். ஆச்சி சிரித்தார்.

"ஆடி மாசம் அங்க கலகமாம். எங்கப்பச்சி கடுதாசி எழுதினாகளாம், பயப்பட ஒண்ணுமில்லேன்னு. பயப்பட ஒண்ணுமில்லேன்னு யாராச்சும் கடுதாசி எழுதுவாகளா? ஆத்தா உடனே பணத்த எடுத்துட்டாக. எங்கப்பச்சிக்கு ஒரே கோபம். எங்க கடையில நம்பிக்கை இல்லையான்னு."

1938 ஜூலையில் இரங்கூனில் இந்தியருக்கு எதிரான கலவரம் நடந்தது வரலாறு. கடையில் இருந்த ஆண்கள் அது ஓய்ந்துவிடும் என்று நினைத்தார்கள். அவர்களின் நினைப்புக்கும் காரணம் இருந்தது. 1930-இல் உலகச் சந்தையில் நெல் விலை சரிந்தபோது கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. அடமானத்தில் இருந்த நிலம் கடைகளின் கைக்கு வந்தது. 1930-இல் கீழைப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்தது சாகுபடி நிலத்தில் சுமார் 6 விழுக்காடு. 1937-க்குள் அது ஏறக்குறைய 25 விழுக்காடு, கிட்டத்தட்ட 25 லட்சம் ஏக்கர். கடன் கொடுத்தவர்கள் நிலக்காரர்கள் ஆனார்கள். பணமாகக் கொண்டுவர வேண்டியது மண்ணாக அங்கேயே நின்றுவிட்டது. மண்ணை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது?

அந்த மண் யாருடையது என்பதையும் நாம் கேட்க வேண்டும். வீட்டின் தூண்களைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, ஐராவதிக் கரையில் வயலை இழந்த பெண்களின் நினைவு வருகிறது. விதைநெல்லுக்கு வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்து அவள் வயலை எடுத்துக்கொண்டபோது அவளுக்கு ஆச்சிமால் பணம் இருந்திருக்காது. கடைக்காரர்களைக் கொடியவர்களாகவோ தர்மவான்களாகவோ காட்டும் இரண்டு கதைகளும் அவளை விட்டுவிடுகின்றன. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. இந்தியர்கள் லட்சக்கணக்கில் கால்நடையாகக் காடும் மலையும் தாண்டி வந்தார்கள். ஏராளமானோர் வழியில் இறந்தார்கள். 1948-இல் பர்மா விடுதலை பெற்றதும் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. 25 லட்சம் ஏக்கர் காகிதமாயிற்று.

ஆச்சியின் அப்பச்சி சித்திரபானு வருடம் நடந்தே வந்து சேர்ந்தார். கையில் ஒரு துணிப்பை. ஆச்சி பிறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. "நான் பொறக்கையில வீடு இம்புட்டுப் பெருசா இருக்கு, உள்ள கஞ்சிதான்" என்றார்.

பிறகு வரும் பக்கங்கள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. வெள்ளிக் குத்துவிளக்கு ஒன்று விற்றது. பித்தளை அண்டா இரண்டு. எவர்சில்வர் வராத காலத்தில் சீராக வந்த வெண்கலப் பானைகள். மகன் பள்ளிக்கூடச் சம்பளம். கணவருக்கு வைத்தியச் செலவு. 1952-இல் மழையில் இரண்டாம் கட்டு ஓடு சரிந்தபோது, மதுரைக் கடைப் பணத்திலிருந்து 1,100 ரூபாய்: ஓடு, சட்டம், கொத்தனார் கூலி. 1956-இல் முகப்புக் கதவின் நிலை செல்லரித்ததற்கு 240. இப்படி எட்டு இடத்தில். ஆத்தா போட்ட 2,000 ரூபாய் இந்த வீட்டின் கூரையிலும் கதவிலும் இருக்கிறது.

"இதத்தான் படிக்கச் சொன்னேன்" என்றார் ஆச்சி. "இந்த வீடு நிக்குறது எங்க ஐயா பர்மாவுல சம்பாதிச்சதுலன்னு ஊரே சொல்லும். கட்டினது அவுக. நிப்பாட்டினது ஆத்தா."

மகளுக்குச் சீராக வேண்டிய பணம் அது. அது கூரைக்குப் போனதால் ஆச்சியின் சீர் குறைந்தது. அதற்காக அவர் புகுந்த வீட்டில் என்னென்ன கேட்டார் என்பதை அவர் சொன்னார். இங்கே எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. சமூகத்தை எண்ணும் கணக்கும் இந்தக் கோயில்களில்தான். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு 'புள்ளி'. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. பெண் தனியாகப் புள்ளி ஆக மாட்டாள். கணவன் இறந்தால் அவள் 'அரைப்புள்ளி'. தமிழ் இலக்கணம் நடத்துகிறவளுக்கு அந்தச் சொல் வேறொன்றையும் நினைவூட்டும். வாக்கியம் முடியாத இடத்தில் போடும் குறிக்கும் அதுதான் பெயர்.

ஆண் வாரிசு இல்லாமல் ஒரு புள்ளி அற்றுப்போகக் கூடாது என்பதற்காகப் பிள்ளை கூட்டுவார்கள். பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைச் சுவீகாரம் எடுப்பார்கள். மகள்கள் மூன்று பேர் இருந்தாலும், அறையின் சாவிக்கு ஒரு பையன் வெளியிலிருந்து வர வேண்டும். இன்னொன்றும் உண்டு. குடும்பத்தில் இறந்துபோன முன்னோரைப் படைப்பு வீட்டில் கும்பிடுகிறார்கள். அப்படிக் கும்பிடப்படுபவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதுப்புடவை வைத்துப் படைக்கிறார்கள். செத்த மகளுக்குப் புடவை உண்டு, உயிரோடு இருக்கிற மகளுக்குச் சாவி இல்லை.

இது இப்படியே இருந்தாக வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இதே காரைக்குடிப் பகுதியில் 'குமரன்' இதழ் நடத்திய சொ. முருகப்பா, கைம்பெண்ணான மரகதவல்லியை மணந்துகொண்டார். 1930-களில் இங்கிருந்து 'மாதர் மறுமணம்' என்று ஓர் இதழே வந்தது. அரைப்புள்ளி என்று எண்ணப்பட்டவர்களின் வாழ்க்கையைப் பற்றி, அந்தக் கணக்கு எழுதிய மண்ணிலிருந்தே எழுந்த குரல் அது. ஆச்சியின் ஆத்தா ஆச்சிமால் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அதே வருடங்கள். அந்த இதழ் இந்த வளவுக்குள் வந்திருக்குமா என்று நான் பூட்டிய அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1937-இல் வந்த சட்டம் கைம்பெண்ணுக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும் கொடுத்தது. மகளுக்கு எதுவுமில்லை. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பனின் பங்கில் மகளுக்கும் இடம் கொடுத்தது. அதிலேயே 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை, ஆண் வாரிசுகள் பிரிக்க முடிவெடுக்கும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. கல்யாணமாகாதவள், கைவிடப்பட்டவள், பிரிந்து வந்தவள், கணவனை இழந்தவள் ஆகியோருக்குத் தங்கும் உரிமை மட்டும் உண்டு. வயலில் பங்கு கேள், வீட்டில் கேட்காதே என்று சட்டமே சொன்னது. பெரிய வீடுகளின் சாவி ஐம்பது வருடம் அந்தப் பிரிவுக்குள் இருந்தது.

தமிழ்நாடு 1989-இல் மகள்களையும் பிறப்பால் பங்குடையவர்களாக்கியது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்கு மட்டும் அது இல்லை. ஆச்சிக்கு 1962-லேயே ஆகிவிட்டதே! 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம்தான் அந்த வேலியை எடுத்தது. 23-ஆம் பிரிவையும் நீக்கியது. அதற்குப் பிறகும், 2005-இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று வழக்குகள் இழுத்தன. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று தீர்த்துவைத்தது. ஆச்சியின் அப்பச்சி 1974-இல் இறந்தவர். வீடு இன்றுவரை பதிவுசெய்து பாகம் பிரிக்கப்படாதது. ஆக, கிட்டத்தட்ட எழுபத்தாறு வயதில்தான் ஆச்சி தன் பிறந்த வீட்டில் ஐயத்துக்கு இடமில்லாத பங்காளி ஆனார்.

அதனால்தான் இப்போது அவர் கையெழுத்து தேவைப்படுகிறது. வீடு வாங்குகிறவரின் வழக்கறிஞர், மகள்களிடம் விடுதலைப் பத்திரம் வாங்கிவிடச் சொல்லியிருக்கிறார். நான் அந்த நகலைப் பார்த்தேன். "அன்பின் பேரிலும் பிரியத்தின் பேரிலும்" எனக்குள்ள பாத்தியதையை விட்டுக்கொடுக்கிறேன் என்று இருந்தது. தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் பெண்கள் இந்த வரியின் கீழே கையெழுத்துப் போட்டிருப்பார்கள்! என் அம்மாவும் போட்டவள்தான். அரை ஏக்கர் புஞ்சைக்கு. மாமா வீட்டில் விருந்து, ஒரு புடவை, பிறகு ஒரு கையெழுத்து. போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு அப்போது வயது பதினொன்று. நான்தான் பேனா எடுத்துக் கொடுத்தேன்.

"அன்பு எனக்கு இருக்கு டீச்சர்" என்றார் ஆச்சி. "தம்பி மகனுகளத் தூக்கி வளத்தவ நான். ஆனா என் அன்ப அவுக டைப் அடிச்சுக் கொண்டாரக் கூடாது."

மாணவி அதுவரை பேசாமல் தூண் ஓரமாக நின்றிருந்தாள். "நான் போட்டுட்டேன் மேம்" என்றாள். "அப்பச்சி நீட்டினாக. போட்டுட்டேன். என்ன எழுதியிருக்குன்னுகூடப் படிக்கலை." முதுகலை முடித்தவள். என் வகுப்பில் பெண்ணிய இலக்கியம் படித்தவள். அவள் தேர்வில் எழுதிய கட்டுரை ஒன்றை நான் மற்ற பிள்ளைகளுக்கு வாசித்தும் காட்டியிருக்கிறேன். எழுதத் தெரியாமல் எழுதிப் பழகிய ஒரு பெண்ணின் நோட்டு அவள் கையில் இருந்தது. எனக்கு அவளைக் கடிந்துகொள்ள முடியவில்லை. நான் எடுத்துக் கொடுத்த பேனா ஞாபகம் வந்தது.

நோட்டை மூடும் முன் நான் ஒன்றைத் தேடினேன். நெல்குத்துக் கூலி. இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை, 'மூன்றாங்கட்டுப் பெண்கள் மூவர்' என்று. அரிசிக் கணக்கு உழக்கு வரை இருக்கிறது. பெயர் இல்லை. ஆச்சியிடம் என் அம்மாச்சியைப் பற்றிச் சொன்னேன். சொல்லலாமா என்று யோசித்துத்தான் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எங்காத்தா பேர அவுக எழுதலேன்னு இம்புட்டு நாளா ஆத்தாமப்பட்டேன். எங்காத்தா யார் பேர எழுதலேன்னு நான் நெனச்சுப் பாத்ததில்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்க அம்மாச்சி பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னேன். திரும்ப ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அந்தக் கணக்கு ஒரு பெயரைக் கேட்டதால் நேராகிவிடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புறப்படும்போது அவர் என்னைப் பின்கட்டு வழியாகக் கூட்டிப்போனார். உரல்கள் கிடந்தன. மூன்று. முற்றத்தில் வானம் தெரிந்தது. முன்னாலிருந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

ஆறு மாதம் கழித்து மாணவி மறுபடி அழைத்தாள். ஆச்சி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதிலாகக் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களில் ஒருவராகத் தன் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறார். பங்குப் பணம் எவ்வளவு என்பதில் பெரிதாகச் சண்டை போடவில்லையாம். பெயர் விஷயத்தில் மட்டும் அசையவில்லை. ஆத்தாவின் நோட்டைக் காட்டி, பழுது பார்த்த செலவையும் பத்திரத்தில் குறிப்பிடச் சொல்லியிருக்கிறார். வழக்கறிஞர், அதெல்லாம் எழுதும் வழக்கமில்லை என்றிருக்கிறார். "அப்ப வழக்கத்த மாத்துங்க" என்றாராம். பேச்சு இன்னும் முடியவில்லை. மாணவியும் தன் கையெழுத்தைத் திரும்பக் கேட்டுவிட்டாள். பதிவாகாத காகிதம் என்பதால் கிழிப்பது எளிது. இரண்டு மாதமாக அவள் அப்பச்சி அவளோடு பேசவில்லை. அது எளிதாக இல்லை என்று அழுதாள்.

வீடு போகத்தான் போகிறது. வாங்குகிறவர் அதை விடுதியாக்கலாம். அல்லது தூணும் நிலையும் கதவும் பிரித்தெடுக்கப்பட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளின் வாசலில் சாய்ந்து நிற்கலாம். வெண்கலப் பானைகள் அங்கே ஏற்கெனவே வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் சீர் கொண்டுவந்த பெண்ணின் வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். தகப்பனின் முதலெழுத்துகள்தான் அங்கேயும். அடுத்த முறை அந்தக் கடைகளுக்குப் போகிறவர்கள் பானையைத் திருப்பிப் பாருங்கள்.

இந்தப் பருவத்தில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டில் இருக்கும் பத்திரங்களை எடுத்துப் படித்துவிட்டு வர வேண்டும். பட்டா யார் பெயரில்? விடுதலைப் பத்திரம் ஏதாவது உண்டா? அதில் கையெழுத்துப் போட்ட பெண் யார்? அவரிடம் போய், படித்துப் பார்த்துத்தான் போட்டீர்களா என்று கேட்டு எழுதிவர வேண்டும். நாற்பத்திரண்டு பேர் வகுப்பில் இதுவரை ஒன்பது பேர் எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள். மற்றவர்கள் வீட்டில் பீரோச் சாவி கிடைக்கவில்லை என்கிறார்கள்.